ஆங்கிலம் தெரிந்த ஊரில் டிக்கன்ஸ்

1896 அக்டோபரில் நாலாவது ஹுஸார் குதிரைப்படையோடு பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்து சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வயது 21. காலையில் அணிவகுப்பு, மாலையில் போலோ. நடுவே வெயில் தாழும்வரை செய்வதற்கு ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் படி மிதிக்காதவர். தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற கூச்சம் இங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனிலிருந்த அம்மாவிடம் கேட்டுப் புத்தகங்கள் வரவழைத்தார். முதலில் கிப்பனின் ரோமாபுரி வீழ்ச்சி வரலாறு, எட்டு வால்யூம். அதை முடித்துவிட்டு மெக்காலே. தினம் நாலைந்து மணி நேரம் வாசித்ததாகப் பிற்பாடு சுயசரிதையில் எழுதினார்.

பெங்களூர் கிளப்பில் அவர் பாக்கி வைத்துப்போன 13 ரூபாயை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு: ஓர் இங்கிலாந்துக்காரருக்கு ஆங்கிலச் செவ்வியல் அறிமுகமானது நம் ஊர் மத்தியானத்தில். பாடத்திட்டம் இல்லை, வாத்தியார் இல்லை. உன் அப்பா கிப்பனை ரசித்துப் படித்தவர் என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையும், கை நிறைய நேரமும் போதுமானதாக இருந்தன.

இன்றைய பெங்களூரில் இந்த இரண்டுமே அருகிவிட்டன. ஆனால் ஆங்கிலத்துக்குப் பஞ்சமில்லை. ஒயிட்ஃபீல்டில், எலக்ட்ரானிக் சிட்டியில், நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் எழுதி, ஆங்கிலத்தில் மீட்டிங் பேசி, ஆங்கிலத்தில் சண்டையும் போட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் டிக்கன்ஸையோ ஜார்ஜ் எலியட்டையோ கொடுத்துப் பாருங்கள். நாலாம் பக்கத்தில் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஆங்கில இலக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பது கேள்வி. இப்போது தெரிந்தவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே கேள்வி. இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம். தெரியாதவனுக்குத் தெரியாது என்பதாவது தெரியும்.

முதல் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் கிடைத்த மிகச் சிறந்த விடை பி. எம். ஸ்ரீகண்டய்யா. கன்னடத்தில் பி.எம்.ஸ்ரீ என்றால் எல்லோருக்கும் தெரியும். 1884இல் பிறந்தவர், மைசூர் மகாராஜா கல்லூரியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் ஆங்கிலப் பேராசிரியர். வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்தியவர், வெளியே வந்து கன்னடத்துக்கு என்ன செய்வது என்று தவித்தார். 1911இல் தார்வாடில் கன்னடம் தலையெடுக்கும் வழியைப் பற்றி அவர் ஆற்றிய உரையை இன்றும் பேசுகிறார்கள். பிறகு ஆங்கிலப் பாடல்களைக் கன்னடத்தில் ஆக்கத் தொடங்கினார். 1921இல் சிறு நூலாகவும், 1926இல் விரிந்த பதிப்பாகவும் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயரே 'இங்கிலீஷ் கீதகளு'. வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, பர்ன்ஸ், தாமஸ் ஹூட் எல்லோரும் வருகிறார்கள். பெரும்பாலானவை பால்கிரேவ் தொகுத்த 'கோல்டன் ட்ரெஷரி'யில் உள்ளவை, அதாவது கல்லூரியில் பாடமாக இருந்த சரக்குதான். ஆனால் அதை அவர் பாடமாகக் கொடுக்கவில்லை.

என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பழைய கன்னடச் செய்யுளில் ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். பிராசம் என்பார்கள், நம் எதுகைதான். நமக்கு எதுகை தவறினால் ஓசை குறையும், அவ்வளவே. அவர்களுக்கு அது கட்டாயம், தவறினால் செய்யுளே இல்லை. கோவிந்த பை 1911இலேயே அதை உதறிப்பார்த்தார். பி.எம்.ஸ்ரீ அதை ஒரு முறையாகவே ஆக்கினார். பிராசத்தை விட்டார்; மூன்று மாத்திரை, நாலு மாத்திரை, ஐந்து மாத்திரைச் சீர்களை ஆங்கில அடியின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி அடுக்கினார்; ஹளெகன்னடம் என்னும் பழங்கன்னடப் பண்டித நடையை விட்டு வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்தார். வேர்ட்ஸ்வொர்த் கன்னடம் பேச வேண்டுமென்றால் கன்னடம் கொஞ்சம் இடம் கொடுத்து உட்கார வேண்டும். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று இந்த ஊர் பஸ்ஸில் சொல்வார்களே, அந்த மாதிரி. இடம் கொடுத்ததில் கன்னடத்துக்கு நஷ்டமில்லை. அந்த யாப்பில்தான் பேந்த்ரே, குவெம்பு, பு.தி.ந. என்று ஒரு தலைமுறையே எழுத வந்தது.

உதாரணத்துக்கு ஒன்று: கார்டினல் நியூமன் 1833இல், பாதிரியாராக இருந்த இளம் வயதில், நோயில் கிடந்து எழுந்து கப்பலில் ஊர் திரும்பும்போது எழுதிய ஒளிப் பிரார்த்தனை ஒன்று உண்டு. காந்திக்கும் பிடித்த பாட்டு. பி.எம்.ஸ்ரீயின் கன்னட வடிவம் கர்நாடகத்தில் பள்ளிப் பிரார்த்தனையாகவும், பாவகீதை மேடையிலும் ஒலிக்கிறது. எங்கள் தெருவில் சுமங்கலிப் பூஜைக்கு வரும் அம்மாள் ஒருவர் அதைக் குரலெடுத்துப் பாடுவார். மூலம் ஓர் ஆங்கிலப் பாதிரியாருடையது என்று ஒருமுறை சொன்னேன். "இரலி பிடி" என்றார். இருந்துவிட்டுப் போகட்டுமாம். இதைவிடப் பெரிய அறிமுகம் எது? விருந்தாளி வீட்டு மனுஷராகிவிட்டார்.

இந்த வேலையில் வீட்டில் தமிழ் பேசியவர்கள் பங்கு நிறைய. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தமிழ் பேசும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்துக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்துவிட்டு மைசூர் அரசு உத்தியோகத்தில் இருந்தபடி கன்னடச் சிறுகதையை நிலைநாட்டினார். லியரையும் டெம்பஸ்டையும் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். டி. பி. கைலாசம் லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து, பாதி ஆங்கிலமும் பாதி கன்னடமுமாகப் பேசும் பாத்திரங்களை மேடையேற்றி ஊரைச் சிரிக்கவைத்தார். அவர் வீட்டிலும் தமிழ்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு மாதிரி. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஹாம்லெட்டை அமலாதித்தனாகவும், வெனிஸ் வணிகனை வாணிபுர வணிகனாகவும் ஆக்கினார். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஓசைக்கு ஓசை பொருத்திய குறும்பு. நாவல் பக்கம் நிலைமை இன்னும் வேடிக்கை. நம் ஆரம்பகாலத் துப்பறியும் நாவல்காரர்கள் டிக்கன்ஸைத் தேடிப் போகவில்லை, ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் என்ற மூன்றாந்தர லண்டன் எழுத்தாளரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் அவரிடமிருந்து எடுத்து எடுத்துத் தமிழ்ப்படுத்தினார். பேராசிரியர்கள் தந்த பட்டியல் வேறு, வாசகர்கள் தேடிய பட்டியல் வேறு. இந்தியா முழுக்க இதே கதைதான் என்பதை பிரியா ஜோஷி தம் ஆராய்ச்சி நூலில் விரித்துச் சொல்லியிருக்கிறார்.

தழுவல் மலிந்துபோனபோது புதுமைப்பித்தனுக்குக் கோபம் வந்தது. மொழிபெயர்ப்புதான் வேண்டும், தழுவல் இலக்கியத் திருட்டு என்று சண்டை பிடித்தார். மூலத்தின் ஊர், பேர், பழக்கவழக்கங்களை மாற்றினால் அயல்நாட்டாரை நாம் அறியவே மாட்டோம் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் அவரே மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைச் சுருக்கி 'பிரேத மனிதன்' என்று தந்தார். அவருடைய சில கதைகளே மாப்பசான் தழுவல் என்று பின்னால் பேச்சு கிளம்பியது. கொள்கை ஒருபக்கம் நிற்க, எழுதுகிற கை வேறுபக்கம் போகும். பி.எம்.ஸ்ரீ செய்தது இரண்டுக்கும் நடுவே. அவர் முக்கியமாக மாற்றியது ஊர் பேரை அல்ல, ஓசையை. அந்த இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது என் கட்சி.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அங்கே பெரும்பாலோருக்கு ஷேக்ஸ்பியர் அறிமுகமானது 'நான்-டீட்டெய்ல்' வழியாக. சார்லஸ் லாமும் அவருடைய அக்கா மேரியும் 1807இல் எழுதிய ஷேக்ஸ்பியர் கதைகள் நம் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனை தலைமுறை ஓடின! இன்னொரு வழியைத் திறந்தவர் மைக்கேல் வெஸ்ட். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். வங்காளத்துப் பையன்களுக்கு ஆங்கிலம் பேசுவதைவிடப் படிக்கத் தெரிவதுதான் முக்கியம் என்று கணக்குப் போட்டார். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, குறைந்த சொற்களில் பெரிய கதைகளைத் திருப்பி எழுதும் முறையை வளர்த்தார். 1953இல் வந்த அவருடைய பொதுச் சொற்பட்டியலில் இரண்டாயிரம் சொற்கள். இன்று உலகம் முழுக்க விற்கும் சுருக்கப் பதிப்புகளுக்கு அந்த டாக்கா வகுப்பறை ஒரு தாய்வீடு.

சுருக்கப் பதிப்பைத் திட்டுவது அறிவாளிகளுக்குப் பொழுதுபோக்கு. கதையை முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறது என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டு நம்மிடம் எடுபடாது. ராமன் காட்டுக்குப் போவான் என்று தெரிந்துதான் கம்பனைப் படிக்கிறோம். துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். கதை தெரிவதில் கெடுதல் இல்லை. கதை மட்டும் மிஞ்சுவதில்தான் கெடுதல். லாம் புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் வாக்கிய ஓசை கொஞ்சம் தங்கியிருந்தது. இப்போது ஐம்பது ரூபாய்க்கு வரும் சுருக்கங்களில் புளியைப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுக்கிறார்கள்.

பெங்களூரே உலகக் கல்வி நூல்களில் இடம்பெற்ற கதை ஒன்று இங்கே பொருந்தும். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் சோதனைக்கு 'பெங்களூர் திட்டம்' என்றே பெயர். இங்கே 1963இல் தொடங்கிய தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு, பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடந்தது. இலக்கணமும் இல்லை, கவிதையும் இல்லை. ரயில் அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டியைப் பிடித்தால் அங்கே எத்தனை மணிக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மனசு பொருளில் நிற்கும்போது மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது பிரபுவின் நம்பிக்கை. இலக்கிய வாத்தியார்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கென்னவோ இலக்கியத்துக்கும் இதுவே சரியான வழி என்று தோன்றுகிறது. அடுத்து என்ன ஆகும் என்று தவிக்கிறவனுக்கு வாக்கியத்தின் நீளம் கண்ணில் படாது.

இங்கே ஒரு முணுமுணுப்பு எழும்: எதற்கு இதெல்லாம்? கௌரி விஸ்வநாதன் 1989இல் எழுதிய நூலில், ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவெடுத்ததே இந்தியர்களை ஆளுவதற்கான உபாயமாகத்தான் என்று காட்டினார். சர்ச்சில் இங்கே வாசித்த மெக்காலேதான் 1835இல் நம் நூல்களெல்லாம் ஐரோப்பிய நூலக அலமாரியின் ஒரு தட்டுக்கு ஈடாகா என்று இகழ்ந்தவர். உண்மை. அதனால்தான் பக்தியோடு அறிமுகப்படுத்தக் கூடாது என்கிறேன். இதே வேலையை எதிர்த்திசையில் செய்தவரும் உண்டு: மைசூரில் தமிழ் வீட்டில் பிறந்து, ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்த ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தார். அவரும் அடிக்குறிப்புகளை நம்பவில்லை. அடிகளைப் பிரித்து அடுக்கி, ஆங்கிலக் காதுக்குக் கேட்கும்படி செய்தார். வழி ஒன்றே, இரு பக்கமும் போகலாம்.

வகுப்பறைக்கு வெளியே இந்த ஊரில் அறிமுகம் நடந்த இடம் புத்தகக் கடைதான். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் 1971 முதல் 2009 வரை பிரீமியர் புத்தகக் கடை நடத்திய டி. எஸ். ஷான்பாக் 2021இல் காலமானபோது ஊரே அவரைப் பற்றி எழுதியது. சின்ன இடம். புத்தகங்கள் சுவர் மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றை உருவினால் பத்து சரியும். யாருக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கேட்காமலே கழிவு போட்டுத் தருவார். பிரிகேட் ரோடு சந்தில் 1945இல் தொடங்கிய செலக்ட் கடையும், நடைபாதையில் விற்று வளர்ந்த மாயி கௌடாவின் பிளாஸமும் இன்றும் இருக்கின்றன. பிளாஸத்தில் பழைய பதிப்புகளின் மாடியில் நின்றால் ஹார்டியும் ஆஸ்டனும் வரிசையாகக் கிடப்பார்கள், முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிய பிறந்தநாள் வாழ்த்தோடு.

புது அச்சு இன்னும் மலிவு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனபின் யாரும் அச்சிடலாம். டிக்கன்ஸ் 1870இல் போய்விட்டார், ஆகவே கேட்பாரில்லை. விளைவு, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, பழுப்புத் தாள், முன்னுரை கிடையாது. இதில் 'பிளீக் ஹவுஸ்' வாங்கிவிட்டு, "நமக்கு இலக்கியம் ஏறாது" என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும். ஏறாதது இலக்கியமா எழுத்தளவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2023 தொடக்கத்திலிருந்து சனிக்கிழமைதோறும் கப்பன் பார்க்கில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து படிக்கிறார்கள். கப்பன் ரீட்ஸ் என்று பெயர். பேச்சு இல்லை, விவாதம் இல்லை, அவரவர் புத்தகம் அவரவர் கையில். மற்ற ஊர்களுக்கும் பரவிவிட்டது. சர்ச்சிலுக்குக் கிடைத்த அந்த ஓய்ந்த பொழுதை இந்தப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் பந்தி போட்டாயிற்று, பரிமாற ஆள் இல்லை. எந்தப் புத்தகத்தை எப்படி எடுப்பது என்று சொல்ல அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாதே.

என் அக்கா மகள் அங்கே போகிறவள். ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அவள் அப்பா குடும்பம் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம். தாத்தா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' மூன்று முறை தொடங்கி மூன்று முறை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"ஒரு வாரத்துல முடிக்கணும்னு டார்கெட் வெச்சேன் மாமா. முடியல."

அதுதான் தப்பு என்றேன். அந்த நாவல் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் பத்திரிகையில் 36 வாரம் வந்த தொடர்கதை. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்தபோது உன் பாட்டி அடுத்த இதழுக்குக் காத்திருந்ததைப் போலக் காத்திருந்து படிக்க எழுதியது. முதல் வாரம் இரண்டே அத்தியாயம். அவ்வளவுதான் படிக்க வேண்டும், மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்தை இருவரும் சத்தமாகப் படித்தோம். கல்லறைத் தோட்டம், அனாதைப் பையன் பிப், கல்லறைகளுக்கு நடுவிலிருந்து எழும் கைதி. கைதி 'விட்டில்ஸ்' கொண்டுவரச் சொல்கிறான். இவள் போனில் அகராதி தேடினாள். அது சாப்பாட்டுக்கான சொல்லின் கொச்சை. வகரத்தை மாற்றிப் பேசும் லண்டன் அடிமட்டப் பேச்சு. அவன் ஆங்கில வாத்தியார் மாதிரி பேசவில்லை. சிந்தாதிரிப்பேட்டைக் கூவக்கரையில் ஒளிந்திருப்பவன், "துன்றதுக்கு எதுனா எட்து வா" என்று மிரட்டுகிற மாதிரி என்றேன். சிரித்தாள். அதற்குப்பிறகு அகராதி எடுக்கவில்லை. இரண்டாம் அத்தியாயக் கடைசியில் பையன் அக்காவின் சமையல்கட்டிலிருந்து இறைச்சிப் பணியாரத்தைத் திருடிக்கொண்டு பனியில் ஓடுகிறான். அங்கே நிறுத்தினோம். அடுத்த நாள் இரவே போன். மூன்றாம் அத்தியாயம் படித்தாயிற்றாம்.

வாரக் கணக்கு அவ்வப்போது உடைந்தது. வேலை நெருக்கத்தில் மூன்று வாரம் விட்டும் போனது. இருந்தாலும் நாலு மாதத்தில் பிப் லண்டன் போய்த் துரையாகிவிட்டான். அவனை வளர்த்த கொல்லன் ஜோ ஊரிலிருந்து பார்க்க வருகிறார். அந்த அறையில் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பு மேடை விளிம்பில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. மடியில் தூக்கி வளர்த்த பையனை 'சார்' என்று கூப்பிடுகிறார்.

அந்த வாரம் அவள் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் அக்கா வீட்டில் பார்த்தேன். எதுவரை வந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஜோ வந்துட்டுப் போயிட்டார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா என் ஃப்ளாட்டுக்கு முதல்தடவ வந்தப்ப, செருப்ப எங்க விடறதுன்னு தெரியாம கையிலயே வெச்சிக்கிட்டு நின்னார் மாமா. ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க. நான் பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன்."